உபாத்தியாயர் டிரான் டிராங் கிம்

உலகில் பெரும்பதவி வகித்தோர் சரித்திரங்கள் பல. அவற்றுட் பெரும்பாலன வெற்றி பெற்றோரைப் பற்றியன. தோல்வியுற்றோர் சரித்திரத்தை எழுதுவோரும் சிலர், படிப்போரும் சிலர். ஆயினும், நல்லெண்ணத்தோடு முயன்று தோற்ற ஒருவர் வாழ்விலிருந்து நாம் அறிந்துகொள்வது, வென்றவர் வாழ்விலிருந்து அறிந்துகொள்வதினும் சில வேளைகளில் மிகுதியாகும். அத்தகைய ஒருவர் வரலாற்றையே இம்மாதம் நம் சங்கத்து அன்பர்கள் முன் வைக்க எண்ணுகின்றேன்.

அவர் வியட்நாம் தேசத்தவர். பெயர் டிரான் டிராங் கிம். அந்நாட்டு வழக்கப்படி குடிப்பெயர் முன்னும் இட்ட பெயர் பின்னும் வருமாதலின், அவரைக் கிம் என்றே ஈண்டுக் குறிப்போம். முப்பது ஆண்டுகட்கு மேல் கல்விப் பணியில் உழைத்தவர்; நான்கு திங்களே பிரதம மந்திரியாக இருந்தவர். அந்நான்கு திங்களுக்கும் அவருக்குப் பதவி கிடைக்க இடந்தந்தோர் அவர் நாட்டு மக்கள் அல்லர். யுத்த காலத்தில் அந்நாட்டைத் தம் படை வலியால் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியரே. ஆதலின் அவருடைய அரசாங்கத்தைப் பொம்மை அரசாங்கம் என்று சரித்திரக்காரர் பலர் கூறுவர். அப்பெயர் முற்றும் பொய்யன்று. முற்றும் மெய்யும் அன்று. எந்த அளவில் மெய், எந்த அளவில் பொய் என்பதை அவர் வாழ்க்கையைக் கொண்டே ஆராய்வோம்.

சைகோன் என்னும் பெயர் நம்மவர் செவிக்குப் புதிதன்று. இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் அத்துறைமுகப் பட்டினத்தில் செட்டிநாட்டு வணிகர் கிட்டங்கிகள் வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தியதும், புதுவை காரைக்கால் தமிழர் பிரஞ்சுச் சர்க்கார் உத்தியோகங்களில் அமர்ந்ததும், முருகனுக்கும் மாரியம்மனுக்கும் அங்கே கோயில்கள் எழுந்ததும் நம் குடும்பங்களில் கேள்வியால் அறிந்தவையே. எனினும், அந்நாட்டு மக்கள் தம் நாட்டைப் பற்றி என் எண்ணினர், எவ்வாறு அல்லலுற்றனர் என்பவற்றை அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே.

நாட்டின் நிலை

வியட்நாம் சீனாவுக்குத் தெற்கே கடலோரமாக நீண்டு கிடக்கும் நாடு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரஞ்சுக்காரர் அதனைச் சிறிது சிறிதாகக் கைப்பற்றி மூன்றாகப் பகுத்தனர். தெற்கேயுள்ள கொச்சின்சீனாவைத் தம் நேரான ஆட்சியில் வைத்தனர். நடுவேயுள்ள அன்னாமும் வடக்கேயுள்ள டோங்கினும் 1884-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி பிரஞ்சுப் பாதுகாப்பு நாடுகள் ஆயின. ஹனோய், ஹைபோங், தூரான் என்னும் மூன்று நகரங்களையும் 1888-இல் தனியே எடுத்துக்கொண்டனர். ஹூவே நகரில் பழைய அரச பரம்பரை இருந்தது, முடி இருந்தது, மாளிகை இருந்தது, அதிகாரம் மட்டும் இல்லை. பிரஞ்சுக்காரர் அம்மக்களை அன்னாமியர் என்றே அழைத்தனர். ஒரே மொழி பேசும் ஒரே இனத்தார், ஒரு பகுதியினின்று மற்றொரு பகுதிக்கு அயல்நாட்டார் போல ஆயினர்.

இளமையும் கல்வியும்

கிம் 1883-ஆம் ஆண்டில் அன்னாமின் வடபகுதியிலுள்ள ஹா டின் மாகாணத்தில், நியி சுவான் வட்டத்தில் பிறந்தார். அவ்வட்டம் கல்விக்குப் பேர்போனது. வியட்நாமியர் தம் மொழியின் தலைசிறந்த காவியமாகப் போற்றும் கியூ கதையை இயற்றிய கவிஞர் நுயென் தூ அவ்வட்டத்துக் குடியினரே. இளமையில் கிம் பழைய முறைப்படி சீன எழுத்துக் கற்றார். பின்பு பிரஞ்சுப் பள்ளியிற் சேர்ந்து, துபாஷிகளைப் பயிற்றும் கலாசாலையிலும் தேறிச் சிறிது காலம் சர்க்கார் துபாஷியாக உத்தியோகம் பார்த்தார்.

1905-இல் அவர் பிரான்ஸ் தேசம் சென்றார். அங்கே பல ஆண்டுகள் தங்கி, இறுதியில் மெலூன் நகரத்து உபாத்தியாயப் பயிற்சிக் கலாசாலையில் பயின்று, 1911-இல் தேர்ச்சி பெற்றுத் தாயகம் மீண்டார். அக்காலத்தில் பிரான்ஸ் சென்று மீண்டவர் பெருஞ்சம்பளம் தரும் வேலைகளை நாடுவது இயல்பு. இவரோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுதலையே தம் தொழிலாகக் கொண்டார். ஹனோயில் பெயர்பெற்ற புவோய் பள்ளியில் ஆசிரியராயும், பின்னர்ப் பாடசாலைப் பரிசோதகராயும், பாடநூல் இயற்றும் குழுவின் தலைவராயும், ஹனோய் நகரத்து ஆண்பிள்ளைகள் தொடக்கப் பள்ளிகளின் தலைவராயும் இருந்து, 1942-இல் ஓய்வு பெற்றார்.

நூற்பணி

அவர் காலத்தில் வியட்நாம் பிள்ளைகளுக்குத் தம் நாட்டுச் சரித்திரம் கற்பிக்கும் நூல் தம் மொழியில் இல்லை. பழைய பள்ளியிற் பயின்றோர் சீன அரசர் பெயர்களை வரிசையாக ஒப்புவிப்பர். புதிய பள்ளியிற் பயின்றோர் பிரஞ்சு அரசர் பெயர்களை ஒப்புவிப்பர். தம் ஊர் ஆற்றங்கரையில் எப்போர் நிகழ்ந்தது என்பதை இருசாராரும் அறியார். நாட்டு வரலாறுகள் சீன எழுத்தில் இருந்தமையால் அவை புலவர்க்கே உரியன ஆயின. இக்குறையைக் கண்டு மனம் நொந்த கிம், பாதிரிமார் காலந்தொட்டு வழக்கில் வந்த உரோம லிபியில், எளிய வியட்நாமிய உரைநடையில், தம் நாட்டுச் சரித்திரச் சுருக்கத்தை எழுதி 1920-இல் வெளியிட்டார். அந்நாட்டு முழு வரலாற்றையும் புதிய முறையில் அவ்வெழுத்தில் கூறிய முதல் நூல் அதுவே என்பர். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அந்நூலைக் கொண்டே தம் முன்னோரை அறிந்தனர்.

1925-இல் தம் மைத்துனரும் பெரும் புலவருமான புய் கீ என்பாரோடு கூடிக் கியூ காவியத்தைப் பாடம் ஆராய்ந்து குறிப்புரையோடு பதிப்பித்தார். கன்பூசிய நெறியைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். வேறிருவரோடு சேர்ந்து வியட்நாமிய இலக்கணம் ஒன்றும் இயற்றினார். சரித்திரம், காவியம், நெறிநூல், இலக்கணம் என்னும் நான்கும் ஒரு மொழிக்கு நான்கு தூண் ஆகும். அந்நான்கிற்கும் தொண்டு செய்த ஒருவர் அரசியல் மேடையில் ஒருநாளும் ஏறாது இருந்திருப்பின், அவர் பெயர் மாசற்று நின்றிருக்கும்.

யுத்தமும் சிங்கப்பூர் வாசமும்

1940-ஆம் ஆண்டு பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் ஜப்பானியப் படைகள் டோங்கினுள் நுழைந்தன. 1941 ஜூலையில் தென்பகுதியிலும் புகுந்தன. ஆயினும் ஜப்பானியர் பிரஞ்சு ஆட்சியை உடனே நீக்கவில்லை. வரி தண்டுதல், போலீசு, நீதிமன்றம் ஆகிய தொல்லைகளைப் பிரஞ்சுக்காரரிடமே விட்டுத் தமக்கு வேண்டிய துறைமுகம், இரயில், நெல் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டனர். ஒரு நாட்டின் முதுகில் இரண்டு எசமானர் ஏறினர்.

1943-ஆம் ஆண்டின் இறுதியில், ஜப்பானியரோடு உறவுடையோர் என்று ஐயுற்ற வியட்நாமியரைப் பிரஞ்சுப் போலீசார் பிடிக்கலாயினர். கிம் எக்கட்சியையும் சேர்ந்தவரல்லர். ஆனால் அவரிடம் சில ஜப்பானியர் நூலாராய்ச்சி பற்றி வந்து உரையாடியதுண்டு. அவர் பெயரும் ஐயத்துள் வந்தது. ஜப்பானியர் அவருக்கு அடைக்கலம் தந்து, 1944 ஜனவரியில் அவரையும் அவர் நண்பரான புலவர் துவோங் பா சாக் என்பாரையும் சிங்கப்பூருக்கு அனுப்பினர். அறுபது வயது கடந்த அவ்வாசிரியர் ஓராண்டுக் காலம் அங்கே தங்கியிருந்தார். உடன்சென்ற நண்பர் அங்கேயே நோயுற்று இறந்தார். 1945-இன் தொடக்கத்தில் கிம்மைப் பாங்காக்கிற்குக் கொண்டுசென்றனர். அடைக்கலம் தந்தவர் கையில் அவர் கடன்பட்டார் என்பதை இங்கே மறக்கலாகாது. கேட்டு வாங்கிய கடன் அன்று அது. கேளாது வந்த கடனும் கடனே.

பதவி வந்த விதம்

அமெரிக்கர் பிலிப்பைன்ஸ் தீவுகளில் இறங்கிவிட்டனர். ஐரோப்பாவில் பிரான்ஸ் விடுதலை பெற்றுவிட்டது. இந்தோசீனாவிலுள்ள பிரஞ்சுப் படை எந்நேரமும் தம்மேல் திரும்பலாம் என்று ஜப்பானியர் அஞ்சினர். 1945 மார்ச்சு 9-ஆம் நாள் இரவு நாடெங்கும் ஒரே வேளையில் பிரஞ்சுப் பாசறைகளைத் தாக்கி, ஏறக்குறைய அறுபதாண்டு நிலைத்திருந்த பாதுகாப்பு ஆட்சியை வீழ்த்தினர். மார்ச்சு 11-ஆம் நாள் அரசர் பாவோ தாய், 1884-ஆம் ஆண்டு உடன்படிக்கை இனிச் செல்லாது என்றும் நாடு சுதந்தரம் பெற்றதென்றும் அறிவித்தார். சுதந்தரம் வந்தது, ஆனால் அது ஜப்பானியத் துப்பாக்கியின் நிழலிலே வந்தது.

அரசருக்கு ஒரு பிரதம மந்திரி வேண்டியிருந்தது. நோ தின் தியெம் என்பாரே வருவார் என்று பலர் எதிர்பார்த்தனர். ஜப்பானியர் வழியாக அவருக்கு அனுப்பிய அழைப்பினாற் பயன் விளையவில்லை. கிம்மை ஜப்பானியர் ஹூவேக்குக் கொணர்ந்தனர். ஏப்ரல் 7-ஆம் நாள் அவர் அரசரைக் கண்டார். தமக்கு வயதாயிற்று, உடல்நலம் இல்லை, கட்சியும் ஆட்களும் இல்லை என்று கூறி முதலில் மறுத்தார். நாட்டவர் எவரும் முன்வாராவிடின் ஜப்பானியப் படையே நேரில் ஆளும் என்று அரசர் எடுத்துரைத்தார். பத்து நாட்களில் கிம் இணங்கினார். ஏப்ரல் 17-ஆம் நாள் அவரது மந்திரி சபை அமைந்தது.

இங்கே நாம் சற்று நின்று எண்ணல் வேண்டும். திருவள்ளுவர் வலியறிதலையும் காலமறிதலையும் இடனறிதலையும் அடுத்தடுத்து மூன்று அதிகாரங்களாக வைத்தார். கிம்முக்கு வலி தம்முடையதன்று, ஜப்பானியருடையது. காலம் ஜப்பானியர் வீழும் காலம். இடமோ பஞ்சத்தால் வெந்துகொண்டிருந்த நாடு. மூன்றும் எதிராக நின்றன என்பதை அறியாதவர் அல்லர் அவர். அறிந்தே ஏற்றார். இதுவே அவர் சரித்திரத்தின் முடிச்சு.

மந்திரி சபை

அச்சபையில் பத்து மந்திரிகள் நியமனம் பெற்றனர். நால்வர் வைத்தியர், நால்வர் வக்கீல்கள், இருவர் பொறியியல் வல்லுநர். கட்சித் தலைவர் எவரும் இலர். பழைய அரண்மனை அதிகாரிகளும் இலர். எல்லோரும் கற்றோர். அவர்களுள் கல்வி மந்திரி ஹோவாங் சுவான் ஹான் பாரிஸ் நகரிற் பயின்ற கணித வல்லுநர், வயது முப்பத்தேழு. இளைஞர் மந்திரி பான் ஆன் முப்பத்துமூன்று வயதினர்.

அச்சபையில் யுத்த மந்திரி இல்லை. படை முழுவதும் ஜப்பானியர் கையில் இருந்தமையின் அப்பதவிக்கு வேலையில்லை என்பது ஒரு காரணம். அத்தகைய மந்திரி ஒருவர் இருப்பின், வியட்நாமிய இளைஞரைத் தம் போருக்கு அனுப்புமாறு ஜப்பானியர் வற்புறுத்துவர். அதைத் தவிர்க்கவே அப்பதவியை வையாது விட்டோம் என்று பான் ஆன் பிற்காலத்தில் விளக்கினார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். வாள் இல்லாத அரசாங்கம் பிறரைக் கொல்லாது. தன்னைக் காத்துக்கொள்ளவும் மாட்டாது.

பஞ்சம்

கிம் பதவியேற்ற நாளில் டோங்கினிலும் அன்னாமின் வடபகுதியிலும் கொடிய பஞ்சம் தலைவிரித்தாடியது. 1944-இல் புயலும் வெள்ளமும் நெற்பயிரை அழித்தன. அதற்கு முன்னரே பிரஞ்சுச் சர்க்கார், ஜப்பானியருக்குக் கொடுப்பதற்காகக் குடியானவரிடமிருந்து குறைந்த விலைக்கு நெல்லைக் கட்டாயமாக வாங்கி வந்தது. நெல் விளையும் நிலங்களிற் சில, சணல் முதலிய பயிர்களுக்கு மாற்றப்பட்டன. தென்பகுதியிலோ நெல் மிகுந்து கிடந்தது. நிலக்கரி வாராமையால் சைகோனில் மின்சாரம் உண்டாக்க நெல்லையே எரித்தனர். தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்லும் இரயில் பாதையையும் கப்பல்களையும் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசி அழித்துவிட்டன. ஒருபுறம் நெல் அடுப்பில் எரிய, மறுபுறம் மக்கள் வயிறு எரிந்து வழியோரங்களில் வீழ்ந்தனர். இறந்தோர் தொகையை நான்கு இலட்சம் என்பாரும் உளர். இருபது இலட்சம் என்பாரும் உளர். தாய் பின், நாம் தின் முதலிய மாகாணங்களில் ஊர் ஊராகக் குடும்பங்கள் அற்றுப்போயின.

புதிய அரசாங்கம் உணவு வழங்கலுக்கென ஒரு மந்திரியை வைத்தது. மாகாணத்திற்கு மாகாணம் நெல் செல்லத் தடையாயிருந்த விதிகளைத் தளர்த்தியது. தெற்கினின்று படகுகளிலேனும் நெல்லை அனுப்ப முயன்றது. நிவாரண சங்கங்களுக்கு ஊக்கம் அளித்தது. ஆனால் பெரிய களஞ்சியங்களின் திறவுகோல் அதனிடம் இல்லை, கப்பல் இல்லை, இரயில் இல்லை. சுகாதார மந்திரி வூ நியோக் ஆன் 1945 ஜூலையில் அமெரிக்க விமானத் தாக்குதலில் உயிர் துறந்தார். கோடை அறுவடை வந்த பின்னரே பஞ்சம் தணிந்தது.

இதற்கிடையே, ஹோ சி மின் தலைமையில் மலைப்பகுதிகளில் வளர்ந்துவந்த வியட் மின் இயக்கத்தார், ஊர்தோறும் குடியானவரைத் திரட்டி நெற்களஞ்சியங்களை உடைத்துப் பசித்தவர்க்குப் பங்கிட்டனர். மந்திரி சபை உத்தரவு எழுதிக்கொண்டிருந்தது. இவர்கள் சோறு கொடுத்தனர். மக்கள் எப்பக்கம் சென்றனர் என்று கூறவும் வேண்டுமோ? பொம்மை அரசாங்கம் என்னும் பெயர் கிம்மின் ஆட்சிக்கு எங்கேனும் முற்றப் பொருந்துமாயின், அது இங்கேதான். தம் மக்கள் பட்டினி கிடக்கும்போது களஞ்சியத்தைத் திறக்கமாட்டாத அரசாங்கத்தை வேறு எப்பெயரால் அழைப்பது?

மொழிக்குச் செய்த தொண்டு

எனினும், அந்நான்கு திங்களில் நிகழ்ந்த வேறொன்றையும் கூறாது விடுதல் அறமன்று. பிரஞ்சு ஆட்சியில் தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளில் மட்டுமே பிள்ளைகள் தாய்மொழியில் கற்றனர். அதற்குமேல் கணக்கும் விஞ்ஞானமும் சரித்திரமும் பிரஞ்சு மொழியிலேயே நடந்தன. தாய்மொழியில் உயர்ந்த கல்வி கற்பித்தல் இயலாது, அதற்கு வேண்டும் சொற்கள் இல்லை என்று அந்நாட்டிலும் கற்றவர் பலர் எண்ணினர். கல்வி மந்திரி ஹான் இதற்கு முன்னரே, 1942-இல், விஞ்ஞானக் கலைச்சொற்களை வியட்நாமிய மொழியில் தொகுத்து வெளியிட்டிருந்தார். பதவியேற்ற சில வாரங்களுக்குள் உயர்தரப் பள்ளிகள் அனைத்திலும் தாய்மொழியே போதனா மொழியாதற்குரிய பாடத்திட்டத்தை அவர் வகுத்தார். அவ்வாண்டிலேயே ஹூவேயில் உயர்தரப் பள்ளியின் இறுதிப் பரீட்சையை மாணவர் தம் தாய்மொழியில் எழுதினர். சர்க்கார் அலுவல்களிலும் வியட்நாமிய மொழி புகுந்தது.

கிம்மே இருபத்தைந்தாண்டுகளுக்கு முன் தம் சரித்திர நூலால் இதற்கு வித்திட்டவர். பாடநூற் குழுவில் இருந்து நீர் ஊற்றியவரும் அவரே. மந்திரி சபையில் அமர்ந்தபோதும் அவருள்ளிருந்த உபாத்தியாயரே விழித்திருந்தார் என்று கூறலாம். நாட்டின் பெயர் வியட்நாம் என்றே சர்க்கார் ஏடுகளில் வழங்கலாயிற்று. மஞ்சள் நிறத்தில் சிவந்த குறியுடைய கொடி ஒன்று ஏற்பட்டது. அரசியற் கைதிகள் பலர் விடுதலை பெற்றனர். ஹனோய் நகரத்தில் பிரஞ்சு அதிகாரிகளின் சிலைகள் நீங்கின. தெருக்கள் நாட்டு வீரர் பெயர்களைப் பெற்றன.

துண்டுபட்ட நாட்டை ஒன்றாக்கலும் கிம்மின் பெருமுயற்சியாயிருந்தது. ஜூலையில் அவர் ஹனோய் சென்று, கவர்னர் ஜெனரல் அதிகாரத்தை வகித்த ஜப்பானியத் தளபதி சுச்சிஹாஷியோடு பேசினார். அதன் பயனாக ஹனோய், ஹைபோங், தூரான் மூன்றும் ஜூலை 20-ஆம் நாள் வியட்நாமிய ஆட்சிக்குத் திரும்பின. கொச்சின்சீனாவையும் திருப்பித்தர ஜப்பானியர் இணங்கினர். ஆகஸ்டு 14-ஆம் நாள் அதற்கெனப் பிரதிநிதி ஒருவரை அரசர் நியமித்தார். மறுநாள் ஜப்பான் சரணடைந்தது. ஏறக்குறைய எண்பதாண்டுகளுக்கு மேல் பிரிந்திருந்த தென்பகுதி கைக்கு வந்த அன்றே, பெற்ற கையில் வலி இல்லாதுபோயிற்று.

வீழ்ச்சி

ஆகஸ்டு முதல் வாரத்திலேயே மந்திரிகள் மனம் தளர்ந்து ராஜினாமாக் கொடுத்தனர். புதிய சபை அமைக்குமாறு அரசர் கிம்மையே பணித்தார். வருவோர் இலர். ஜப்பான் சரணடைந்த செய்தி பரவியதும் நாடெங்கும் மக்கள் திரண்டெழுந்தனர். ஆகஸ்டு 19-ஆம் நாள் ஹனோயும், 23-ஆம் நாள் ஹூவேயும், 25-ஆம் நாள் சைகோனும் வியட் மின் கைக்கு மாறின. இளைஞர் மந்திரி தொடங்கிய ஹூவே இளைஞர் படையினரும் புரட்சியோடு சேர்ந்துகொண்டனர்.

அப்பொழுது கிம்முக்கு இறுதியாக ஒரு சோதனை வந்தது. நேச நாட்டுப் படைகள் வந்துசேரும் வரை அமைதி காக்கும் பொறுப்பு ஜப்பானியரிடமே இருந்தது. வேண்டுமாயின் புரட்சியாளரைத் தாம் அடக்கித் தருவதாக அவர்கள் கூறினர். ஆயிரக்கணக்கான துருப்புக்கள் ஆயுதத்தோடு அங்கேயே இருந்தனர். ஆம் என்று அவர் ஒரு சொல் கூறியிருப்பின் ஹூவேயின் வீதிகளில் குருதி ஓடியிருக்கும். பதவியும் இன்னுஞ் சில நாட்கள் நின்றிருக்கும். கிம் அதை மறுத்தார். அந்நியன் துப்பாக்கியால் தம் மக்களைச் சுடுவித்துப் பதவி காத்தலை அவர் விரும்பவில்லை. அரசரும் அதற்கு இசையவில்லை. ஆகஸ்டு 30-ஆம் நாள் ஹூவே அரண்மனை வாயிலில் பாவோ தாய் தம் முத்திரையையும் வாளையும் புதிய ஆட்சியின் பிரதிநிதிகளிடம் ஒப்புவித்தார். செப்டம்பர் 2-ஆம் நாள் ஹனோயில் ஹோ சி மின் சுதந்தரப் பிரகடனம் செய்தார்.

எசமானன் ஆட்டுவிக்கும்போது ஆடுவதே பொம்மையின் இயல்பு. ஆடு என்றபோது ஆடமாட்டேன் என்று நின்ற இந்த ஒரு செயல், கிம்மை முழுப் பொம்மை என்று கூறவொட்டாது நம்மைத் தடுக்கின்றது.

இறுதிக் காலம்

பதவி நீங்கிய கிம் வறியவராய்ச் சில காலம் ஹூவேயிலும் ஹனோயிலும் வாழ்ந்தார். 1946-இல் சீன தேசம் சென்று, ஹாங்காங்கில் இருந்த பாவோ தாயைக் கண்டார். 1947-இல் சைகோன் மீண்டார். பின்னர்க் கம்போடியாவின் தலைநகரான நாம்பென்னில் மகளோடு தங்கியிருந்தார். அக்காலத்தில் தம் அரசியல் வாழ்வைப் பற்றிய நினைவுக் குறிப்பொன்றை எழுதினார். அந்நூலின் பெயருக்குப் புழுதிக் காற்று ஒன்று என்பது பொருள். வீசியது, கண்ணை மறைத்தது, அடங்கியது என்று தம் நான்கு திங்கள் ஆட்சியை அவர் எண்ணினார் போலும். 1953 டிசம்பர் 2-ஆம் நாள் டாலட் நகரில், எழுபதாம் வயதில் உயிர் நீத்தார். பிரஞ்சுக்காரர் தியென் பியென் பூவில் தோற்று நாட்டைவிட்டு நீங்குவதற்குரிய காலம் அப்பொழுது நெருங்கிக்கொண்டிருந்தது. அதனைக் காண அவர் இருக்கவில்லை.

அவருடைய மந்திரிகள் பலதிசைப் பிரிந்தனர். பான் ஆன் 1946-இல் ஹோ சி மின் அரசாங்கத்திலேயே பாதுகாப்பு மந்திரியானார். வெளிநாட்டு மந்திரியாயிருந்த டிரான் வான் சுவோங் பிற்காலத்தில் தென் வியட்நாமின் தூதராக அமெரிக்காவில் இருந்தார். ஹான் பாரிஸில் வாழ்ந்து ஆராய்ச்சி நூல்கள் எழுதினார். ஒரே சபையில் அமர்ந்தோர் பிற்காலத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றனர் எனின், அச்சபையினரை ஒருங்கே துரோகிகள் என்றோ தேசபக்தர் என்றோ ஒரு சொல்லால் முடித்துவிடுதல் இயலாது என்பது விளங்கும்.

நாம் அறியத்தக்கன

இருபதாண்டுகளாகப் பள்ளிக்கூடத்தில் காலங்கழிக்கும் எனக்கு, இச்சரித்திரத்தில் ஒன்று மிக வியப்பளிக்கின்றது. கிம் மந்திரியாய்ச் செய்தவற்றுள் நிலைத்தவை யாவை, அழிந்தவை யாவை என்று கணக்கிட்டுப் பார்த்தேன். அவர் ஏற்றிய கொடி இறங்கிவிட்டது. அவர் சேர்த்த தென்பகுதி மறுபடியும் பிரிந்து, பெரும் போரின் பின் 1975-இலேயே கூடிற்று. அவர் தாங்கிய அரச பரம்பரையும் இன்று இல்லை. ஆனால் தாய்மொழியிற் கற்பித்தல் நிலைத்தது. அவரை வீழ்த்திய புதிய ஆட்சியே ஹான் வகுத்த பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டு நடத்தியது. அவருடைய சரித்திரச் சுருக்கம் பதிப்பின்மேற் பதிப்பாக இன்றளவும் அந்நாட்டில் விலையாகின்றது. நினைவுக் குறிப்போ அவர் இறந்து பல்லாண்டு சென்றபின் 1969-இற்றான் சைகோனில் அச்சேறியது. 2017-இல் மறுபதிப்பு வந்தபோது அது விற்பனையினின்று திரும்பப் பெறப்பட்டது. ஒரே மனிதர் எழுதிய நூல்களுள், ஆசிரியராய் எழுதியது வீட்டுக்கு வீடு செல்கின்றது. அமைச்சராய் இருந்ததைப் பற்றி எழுதியது வாயிலில் நின்றுவிட்டது. ஆசிரியராய்ச் செய்தது நின்றது. ஆள்வோராய்ச் செய்தது காற்றிற் பறந்தது.

ஆகவே அவர் அப்பதவியை ஏற்றது சரியா, தவறா என்று வினவுவோர்க்கு யான் கூறுவது இதுவே. நோக்கம் நன்று; வலி பிறருடையது. பிறர் வலியால் நிற்பவன் பிறர் பழியையும் சுமத்தல் வேண்டும். பசித்தோர்க்கு நெல் கொடுக்கமாட்டாத பழி அவர் மேல் நிற்கின்றது. அதனை மறைத்தல் ஆகாது. தம் மக்கள் மேல் ஆயுதம் எடுக்க இசையாத புகழும் அவர்க்கு உண்டு. அதனை மறுத்தலும் ஆகாது.

நம் சங்கத்தவருள்ளும் ஊரவை, கோயில், கலாசாலை முதலியவற்றிற் பதவி நாடி வருவதுண்டு. பதவியை ஏற்குமுன், இதனை எனக்குத் தருபவர் யார், எதற்காகத் தருகின்றார், நாளை அவர் தீயது ஒன்று செய்யச் சொன்னால் மறுக்கும் வலிமை எனக்கு உண்டா என்னும் மூன்று வினாக்களையும் நம் நெஞ்சினையே கேட்டுக்கொள்வோமாக. கிம் மூன்றாம் வினாவிற்கு இறுதி நாளிற்றான் விடை கண்டார். அதுவரை சென்ற நாட்களின் விலையை நாடே கொடுத்தது. பதவி வாராத நம் வீட்டாரும் வருந்தவேண்டுவதில்லை. ஒரு பிள்ளைக்குத் தாய்மொழியில் எழுத்தறிவிக்கும் பணி எவர் ஆட்சியிலும் அழியாது. அதனைச் செய்யும் பேறு நம் ஒவ்வொருவர் இல்லத்தும் உண்டு. குழந்தைகளை நாள்தோறும் மாலையில் அருகிருத்திப் படிப்பிக்குமாறு நம் சங்கத்துத் தாய்மாரையும் தந்தைமாரையும் வேண்டி, இக்கட்டுரையை முடிக்கின்றேன்.